மதர்போர்டோடு போன விண்டோஸ்

கேள்வி: ஐயா, வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்துகொடுக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்பு, விண்டோஸ் 10 போட்டே வந்த ஒரு கம்பெனிக் கணினியை வாங்கினேன். போன மாதம் அதன் மதர்போர்டு செத்துவிட்டது. அதே போர்டு இனிக் கிடைக்காது என்றார்கள். வேறு போர்டு, பிராசஸர், ரேம் வாங்கி, பழைய டிஸ்க்கையே மாட்டிக்கொண்டேன். எல்லாம் ஓடுகிறது. ஆனால் திரையின் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி ஒரு வரி வந்து நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் எங்கே போயிற்று? கணினியைப் பூட்டிக் கொடுத்தவர், ஓஇஎம், அதாவது கணினியோடு சேர்த்து விற்கும் விண்டோஸ் உரிமம், வாங்கினால் போதும் என்கிறார். தெரிந்த ஒருவர், இணையத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கே கீ கிடைக்கும், ஆயுள் முழுக்க வேலை செய்யும் என்கிறார். கடையில் தனியாக விற்கும் ரீடெயில் பெட்டியின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. உள்ளே ஒரு பென் டிரைவும் ஓர் அட்டையும்தானே? அப்படியே ரீடெயில் வாங்கினாலும், அதையே என் மகளின் லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்ற வரி, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் எங்கே போயிற்று என்பதுதான். இதற்கு யாரும் உங்களுக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதைச் சொல்லிவிட்டால் ரீடெயிலா ஓஇஎம்மா என்பதற்குப் பாதி விடை தானாக வந்துவிடும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விண்டோஸ் 7 காலம் வரை, கம்பெனிக் கணினிகளின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஐந்தைந்தாகப் பிரித்து 25 எழுத்துகள் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் கீ. விண்டோஸை ஆக்டிவேட் செய்ய, அதாவது உரிமம் உண்டு என்று உறுதிப்படுத்த, அதைத்தான் அடிக்கவேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. கணினி நிறுவனங்கள் அந்த 25 எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) இருக்கும் சிப்புக்குள் எழுதிவிட ஆரம்பித்தன. விண்டோஸை எப்போது நிறுவினாலும் அது சிப்பைப் படித்து, கீயைத் தானே எடுத்துக்கொள்ளும். உங்களிடம் கேட்காது. ஏழு வருடமாகக் கீ என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காமலேயே நீங்கள் வேலை செய்துவந்தது இதனால்தான். போர்டு போனபோது சிப்பும் அதிலிருந்த கீயும் சேர்ந்தே போயின. உங்கள் டிஸ்க்கில் மிச்சமிருப்பவை விண்டோஸின் கோப்புகள் மட்டுமே. அந்தக் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

செத்த போர்டிலிருந்து அந்த 25 எழுத்துகளை எப்படியாவது மீட்டுவிட்டால்? அப்படியும் பயனில்லை. ஓஇஎம் உரிமம் எந்தக் கணினியோடு விற்கப்பட்டதோ அந்தக் கணினியோடு முடிந்துபோவது. டிஸ்க்கை மாற்றலாம், ரேமைக் கூட்டலாம், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றலாம், உரிமம் தாங்கும். மதர்போர்டை மாற்றினால் அது வேறு கணினி என்றே கணக்கு. ஒரே ஒரு விலக்கு உண்டு. போர்டு பழுதாகி, கணினியைத் தயாரித்த நிறுவனமே அதற்கு ஈடான போர்டை மாற்றிக் கொடுத்தால் பழைய உரிமம் தொடரும். நீங்களோ வெளியில் வேறு போர்டு வாங்கிவிட்டீர்கள். ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது.

இருந்தாலும், புதிதாக வாங்கும் முன் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் எந்த வகை என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி (cmd) என்று அடித்தால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு ஒன்று போட்டு, இடைவெளி இல்லாமல் டி, எல், ஐ (dli) என்று அடித்து எண்டரைத் தட்டுங்கள். சில விநாடிகளில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதன் இரண்டாவது வரியின் கடைசியில் சேனல் என்ற சொல்லும், அதற்கு முன்னால் ஓஇஎம், ரீடெயில், வால்யூம் என்ற மூன்றில் ஒன்றும் இருக்கும். வால்யூம் என்பது பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வகை. உங்களுடையதில் ஓஇஎம் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவேளை இடையில் யாராவது ரீடெயில் உரிமம் வாங்கிப் போட்டுக் கொடுத்திருந்து அங்கே ரீடெயில் என்று வந்தால், உங்களுக்குச் செலவே இல்லாமல் போகலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், டிரபிள்ஷூட்டரை ஓடவிட்டு, சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய உரிமம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தால் புதிய போர்டுக்கு வந்து சேரும்.

இதே சோதனையைச் செய்யப்போகும் மற்ற வாசகர்களுக்காக ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8 உள்ள கணினியை இலவசமாக விண்டோஸ் 10-க்கு ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அந்த வரியில் ரீடெயில் என்றே காட்டும். அதை நம்பிவிடக் கூடாது. அடியில் இருந்தது ஓஇஎம் என்றால் மேலே வந்ததும் அந்தக் கணினியை விட்டு நகராது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். பென் டிரைவும் அட்டையும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அவ்வளவுதான். பெட்டியே இல்லாமல் இணையத்தில் ரீடெயில் வாங்கினால் அந்தப் பென் டிரைவும் கிடையாது. 25 எழுத்துகள் மட்டும் வரும். இரண்டும் ஒரே உரிமம்தான். பெட்டியாக வாங்குவதில் தனிச்சிறப்பு எதுவுமில்லை. நீங்கள் கொடுக்கும் பணம், ஒரு கணினியில் விண்டோஸை ஓட்டிக்கொள்ளும் அனுமதிக்கு. ரீடெயிலில் அந்த அனுமதி உங்கள் கையில் இருக்கிறது. ஓஇஎம்மில் போர்டின் கையில் இருக்கிறது. விலை வித்தியாசத்துக்குப் பெரும்பகுதிக் காரணம் இதுவே. போர்டு போனாலும், கணினியையே தூக்கிப்போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்தாலும், ரீடெயில் உரிமத்தைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. வேண்டாம் என்றால் உரிமத்தை இன்னொருவருக்கே மாற்றிக் கொடுத்துவிடவும் முடியும். இன்னொன்று, ரீடெயில் வாங்கியவருக்குச் சிக்கல் வந்தால் மைக்ரோசாஃப்ட் பதில் சொல்லவேண்டும். ஓஇஎம் என்றால் கணினியைச் செய்துகொடுத்தவர்தான் பொறுப்பு.

உங்களுக்குக் கணினியைப் பூட்டிக் கொடுத்தவர் ஓஇஎம் சொன்னதை நான் குறை சொல்லமாட்டேன். கணினிகளை அசெம்பிள் செய்து விற்பவர்களுக்கென்றே சிஸ்டம் பில்டர் என்ற பெயரில் ஓர் ஓஇஎம் வகை இருக்கிறது. முழுக் கணினியையும் அவர் கட்டி, அதில் விண்டோஸை நிறுவி, பில்லில் இரண்டையும் எழுதித் தந்தால் அது முறையான உரிமம்தான். ஒரு கணினியை வாங்கி, அதைத் திறக்காமலே ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு விற்பவருக்கு அது போதும். அவருக்கு நானே ரீடெயில் வாங்கச் சொல்லமாட்டேன்.

உங்கள் நிலைமை வேறு. கம்பெனிக் கணினியிலிருந்து அசெம்பிள் கணினிக்கு வந்துவிட்டீர்கள். இனிப் பாகம் பாகமாகத்தான் மாற்றப்போகிறீர்கள். பக்க வடிவமைப்பு வேலையில் மென்பொருள்கள் கனமாகிக்கொண்டே போகும். இன்று போட்ட பிராசஸர் நாலைந்து வருடத்தில் மூச்சுவாங்கும். புதிய பிராசஸர் பழைய போர்டின் சாக்கெட்டில் உட்காராது. அப்போது போர்டை மாற்றுவீர்கள். அன்றைக்கு இந்தக் கடிதத்தையே மறுபடி எழுதவேண்டி வரும். இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ரீடெயிலின் விலை ஓஇஎம்மின் விலையைப் போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால், இரண்டாவது போர்டு வாங்கும் நாளில் ரீடெயில் தன் காசைத் திருப்பித் தந்துவிடும். மூன்றாவது போர்டு முழுக்க லாபம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரீடெயில்தான் வாங்குவேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

பத்தில் ஒரு பங்கு விலைக் கீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். ஏனென்றால் அது வேலை செய்யும். முதல் நாள் நிச்சயமாக வேலை செய்யும். அதனால்தான் நல்லவர்களும் அதை நண்பர்களுக்குச் சொல்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். ஆறு கணினிகள். ஐந்தில் ஒரே வாரத்தில் ஆக்டிவேஷன் போய்விட்டது. ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறது, அது ஏன் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் உரிமையாளர். நன்றாக இருந்த அந்தக் கணினியில் உட்கார்ந்து, நான் மேலே சொன்ன கட்டளையையே அடித்தேன். கடைசியில் ஐ-க்குப் பதிலாக வி போட்டால் இன்னும் விரிவாகக் காட்டும். சேனலுக்கு முன்னால் வால்யூம் என்று இருந்தது. கீழே ஒரு வரியில் 11,520 நிமிடம் என்றிருந்தது. உரிமையாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று, அது என்ன நிமிடக் கணக்கு என்று கேட்டார். எட்டு நாள் என்றேன். எட்டு நாளில் இதுவும் போய்விடும் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆயுள் முழுக்க என்று சொல்லித்தானே விற்றார்கள் என்றார்.

நடந்தது இதுதான். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு விண்டோஸ் வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கீ வாங்குவதில்லை. கேஎம்எஸ் என்ற முறையில், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து, அங்கிருந்து எல்லாக் கணினிகளையும் ஆக்டிவேட் செய்துகொள்வார்கள். குறைந்தது 25 கணினிகள் இருந்தால்தான் அந்தச் சர்வர் கணினிகளுக்கு அனுமதி தரும். தந்த அனுமதி 180 நாளைக்கு, அதாவது 2,59,200 நிமிடத்துக்குச் செல்லும். கணினி ஏழு நாளுக்கு ஒரு தடவை சர்வரைத் தொடர்புகொண்டு அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு அலுவலகத்துக்கு விற்றவர் கீயோடு ஒரு சின்னக் கோப்பையும் அனுப்பி, இதை ஒரு தடவை ஓடவிடுங்கள் என்றிருக்கிறார். அது எங்கோ முன்பின் தெரியாத ஒரு சர்வரைக் காட்டிக் கணினியை ஏமாற்றும் கோப்பு. அந்தச் சர்வர் நின்றுபோனதும் நிமிடங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. அந்தக் கோப்பை ஓடவிடுவதற்காக விண்டோஸின் ஆன்டிவைரஸில் ஒரு ஃபோல்டரை விலக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு கணினிகளிலும் அந்த விலக்கு அப்படியே இருந்தது. பல மாதமாக, பிறருடைய கணக்கு வழக்குகள் எல்லாம் இருந்த கணினிகளில், யாரும் காவல் பார்க்காத ஓர் அறை திறந்து கிடந்திருக்கிறது. அந்த அறைக்குள் யார் வந்தார், எதை எடுத்தார் என்று பின்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஆறு டிஸ்க்கையும் துடைத்து முதலிலிருந்து நிறுவினோம். உங்களிடமும் பிறர் நம்பிக் கொடுத்த கையெழுத்துப் பிரதிகள், இன்னும் வெளிவராத புத்தகங்கள் இருக்கும். ஆன்டிவைரஸை நிறுத்து என்று கேட்கும் எந்த ஆக்டிவேட்டரையும் அந்தக் கணினிக்குள் விடாதீர்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மலிவுக் கீகள் எல்லாமே இப்படிப்பட்டவை என்று சொல்லவில்லை. சிலவற்றில் எந்தக் கோப்பும் வராது. கீயை அடித்தால் ஆக்டிவேட் ஆகிவிடும். அவற்றில் பல, எம்ஏகே என்ற இன்னொரு வால்யூம் வகை. ஒரே கீ, இத்தனை தடவை என்று எண்ணிக்கை வைத்துக் கொடுக்கப்படுவது. ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ அது கசிந்து, துண்டு துண்டாக விற்கப்படுகிறது. கசிந்தது தெரியவந்ததும் கீயை முடக்கிவிடுவார்கள். இன்னும் சில, மென்பொருள் எழுதுவோருக்குச் சோதனை செய்வதற்காகச் சந்தாவில் தரப்படும் கீகள். சில, காயலான் கடைக்குப் போன கணினிகளின் ஸ்டிக்கரிலிருந்து எடுத்தவை. திருட்டுக் கார்டில் வாங்கியவையும் உண்டு. கார்டுக்காரர் புகார் கொடுத்ததும் அவை செல்லாமல் போகும். இவற்றில் எதை வாங்கினாலும் உங்களிடம் 25 எழுத்துகள் இருக்கும், விண்டோஸை ஓட்டும் அனுமதி இருக்காது. கீ வேலை செய்வதும் உரிமம் உங்களுடையதாவதும் ஒன்றல்ல. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றுபோலவே பேசுவார்கள்.

பழைய உரிமங்களை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று சிலர் வாதாடுவதையும் கேட்டிருக்கிறேன். உண்மைதான். 2012 ஜூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பைத் தந்தது. அது ஒன்றியத்துக்குள் செல்லும் தீர்ப்பு. அதிலும் இரண்டு நிபந்தனைகளைச் சொல்லியிருக்கிறார்கள். விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடவேண்டும். பல பேருக்காக மொத்தமாக வாங்கிய உரிமத்தில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரித்து விற்கக் கூடாது. உங்களுக்குக் கீ விற்பவர் இந்த இரண்டையும் காகிதத்தில் காட்டுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பதிப்பு வாங்குவது என்பது அடுத்த கேள்வி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் கேட்பார்கள். ஹோம், புரோ என்று இரண்டு. டிஸ்க் முழுவதையும் நீங்களே கட்டுப்படுத்தும் விதத்தில் பூட்டும் பிட்லாக்கர், வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் நுழைந்து வேலை பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப், கணினிக்குள் கணினி ஓட்டும் ஹைப்பர்-வி, இவை புரோவில்தான் முழுமையாக உண்டு. இந்த மூன்றின் பெயரும் உங்களுக்குப் புதிதாக இருந்தால் ஹோம் போதும். பின்னால் தேவைப்பட்டால் அதற்குரிய கட்டணத்தைக் கட்டி ஹோமிலிருந்து புரோவுக்கு ஏறிக்கொள்ளலாம். பெட்டியில் ஆங்கிலத்தின் என் (N) என்ற ஒற்றை எழுத்து ஒட்டிய பதிப்பைத் தவிருங்கள். அது ஐரோப்பியச் சந்தைக்காக மீடியா பிளேயரை எடுத்துவிட்டு வருவது. சாதாரணப் பதிப்பின் கீ அதற்குப் பொருந்தாது, அதன் கீ இதற்குப் பொருந்தாது.

விண்டோஸ் 10 பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-தான் வாங்கவேண்டும். அது எல்லாக் கணினியிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதியும், 4 ஜிபி ரேமும், 64 ஜிபி இடமும் கேட்கும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, ஏறக்குறைய அங்கிருந்துதான் பிராசஸர்களை ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் போர்டைப் புதிதாக வாங்கியிருப்பதால் பிரச்சினை இருக்காது. டிபிஎம் இல்லை என்று காட்டினால் பயந்துவிடவேண்டாம். பல போர்டுகளில் அது பிராசஸருக்குள்ளேயே இருக்கும், ஆனால் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி, ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடினால் கிடைக்கும்.

இங்கே ஒரு யோசனை. காசு கொடுக்கும் முன்பே நிறுவிப் பார்த்துவிடுங்கள். உங்கள் வேலைக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 11-ஐத் தயார் செய்யுங்கள். நிறுவும்போது கீ கேட்கும் இடத்தில், என்னிடம் கீ இல்லை என்பதை அழுத்தினால் மேலே போகலாம். எந்தப் பதிப்பு என்று கேட்கும். வாங்கப்போகிற பதிப்பையே தேர்ந்தெடுங்கள். பழைய போர்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் அந்த டிஸ்க்கில் படிந்து கிடக்கும். அதனால் மேலே ஏற்றாமல் துடைத்துவிட்டு நிறுவுவது நல்லது. சத்தம் வருகிறதா, பிரின்டர் பேசுகிறதா, உங்கள் வடிவமைப்பு மென்பொருள் திறக்கிறதா என்று நாலு நாள் பாருங்கள். எல்லாம் சரி என்றால் கீயை வாங்கி அடியுங்கள். பிரித்த கீயைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதால் இந்த வரிசை முக்கியம். ஆக்டிவேட் செய்யாமலே காலத்தை ஓட்டிவிடலாமே என்று தோன்றும். ஓடும்தான். மூலையில் அந்த வரி நிற்கும், பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை மாற்ற முடியாது, மற்றபடி வேலை செய்யும். ஆனால் உரிமம் இல்லாமல் பயன்படுத்துவதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. அதை வைத்துத் தொழில் செய்வது சரியல்ல.

கீயை அடிக்கும்போது நிறையப் பேர் ஓர் இடத்தில் தடுமாறுவார்கள். விண்டோஸ் கீயில் 0, 1, 5 ஆகிய எண்கள் வராது. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும், எல், எஸ், இசட் ஆகியவையும் வராது. ஒன்றைப் போல் இன்னொன்று தெரிந்து குழப்பும் பலவற்றை நீக்கிவிட்டுத்தான் கீயை ஆக்குகிறார்கள். ஆகவே அட்டையில் வட்டமாக ஓ போல ஒன்று தெரிந்தால் அது க்யூவாகவோ டியாகவோதான் இருக்கும். எஸ் போலவோ 5 போலவோ தெரிந்தால் இன்னொரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். பி-யும் 8-உம் மட்டும் இரண்டுமே வரும். அங்கே கவனம் வேண்டும். கீயின் மேல் சுரண்டும் பூச்சு இருந்தால் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். கத்தியால் சுரண்டி, கீயில் இரண்டு எழுத்தையும் சேர்த்துச் சுரண்டிவிட்டு என்னிடம் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாக்கி 23 எழுத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாலை முழுக்கப் போராடினோம்.

ஆக்டிவேட் ஆனதும் அந்தக் கணினியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்துவிடுங்கள். ஆக்டிவேஷன் பக்கத்தில், உரிமம் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்ற வாசகம் வரவேண்டும். அடுத்த தடவை போர்டு மாற்றும்போது டிரபிள்ஷூட்டர் தேடுவது இதைத்தான். அட்டையையும் பில்லையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அட்டையைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் படம் இந்தக் கணினிக்குள் மட்டும் இருந்தால் கணினி படுத்த அன்று உதவாது. கணினி மாறும்போது, பழையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, அதே ஐந்து எழுத்துக் கட்டளையோடு சாய்கோடு, யு, பி, கே (upk) என்று அடித்தால் கீ அதிலிருந்து நீங்கும். அதன்பின் புதியதில் போடுங்கள்.

விண்டோஸ்தான் வேண்டுமா என்றும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆப்பிள் தன் இயங்குதளத்தை ஒரு காலத்தில் பெட்டியில் வைத்து விற்றது. 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து அது இலவசம், ஆனால் அவர்களுடைய கணினிகளுக்கு மட்டும். லினக்ஸில் உபுண்டு, மின்ட், டெபியன் எதையும் காசு கொடுக்காமல், கீ இல்லாமல், எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எழுதவும் இணையத்துக்கும் மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்பதே உங்களுக்கான ஒரே கேள்வி. ஸ்கிரைபஸ் போன்ற இலவச மென்பொருளில் நீங்கள் வேலை செய்பவர் என்றால் எதையுமே வாங்கத் தேவையில்லை. பதிப்பகங்கள் வேறொரு மென்பொருளின் கோப்பாகவே கேட்கின்றன என்றால் விண்டோஸை விட்டு நகராதீர்கள்.

கடைசியாக, மகளின் லேப்டாப். ரீடெயிலானாலும் ஓர் உரிமம் ஒரு கணினிக்குத்தான். உங்களுடையதில் இருக்கும்போது அதே கீயை லேப்டாப்பில் அடிக்கக் கூடாது. அடித்தால் இரண்டில் ஒன்று என்றாவது ஆக்டிவேஷனை இழக்கலாம். ஆனால் அந்த லேப்டாப்புக்கு உங்கள் கீ தேவையே இல்லை. அது விண்டோஸோடு வந்தது என்றால், இந்தப் பதிலின் தொடக்கத்தில் நான் சொன்ன ஏற்பாடு அதற்குள் அப்படியே இருக்கிறது. நீங்கள் தயார் செய்யும் பென் டிரைவை அதில் செருகி, அந்தப் பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளுமானால், தாராளமாக நிறுவலாம். கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. கீ கேட்கும் திரை வராமலே நிறுவல் தாண்டிப் போனால், ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அது தன் போர்டின் சிப்பிலிருந்து தன் கீயைப் படித்துக்கொண்டுவிட்டது.